தும்பியின் கால்தடம்

ஐப்பசி மழை கொஞ்சம் ஓய்ந்து, சந்தைத் திடல் முழுக்கச் சேறாகக் கிடந்த ஒரு காலையில், பனிக்கரடு என்கிற மலையூரில் செருப்புப் போட்டு நடந்தவர்களுக்கும், பூட்ஸ் போட்டு நடந்தவர்களுக்கும், மழைக்கென்று வாங்கிய ரப்பர் ஷூவில் நடந்தவர்களுக்கும் ஒன்றுபோல வெறுங்கால் தடம் விழத் தொடங்கியது. அதுவும் அவரவர் கால் இல்லை, வேறு யாருடைய காலோ. ஏட்டையாவின் பூட்ஸ் பதிந்த இடத்தில் குதிகால் வெடித்த ஒரு கிழவரின் பாதம் இருந்தது. வங்கி மேலாளர் நடந்த இடத்தில் நிறைமாதக்காரி ஒருத்தி கால் அகட்டி நடந்த தடம் இருந்தது. தேயிலை லாரி டிரைவருக்குச் சுண்டுவிரல் இல்லாத கால் விழுந்தது, அவருக்கோ பத்து விரலும் பத்திரமாக இருந்தன. எல்லோரும் நின்றார்கள், செருப்பைக் கழற்றி அடியைத் திருப்பிப் பார்த்தார்கள், மறுபடி மாட்டிக்கொண்டு, சந்தை கலைவதற்குள் வெங்காயம் வாங்கப் போனார்கள்.

மனிதன் எதற்கும் பழகிவிடுவான். பல்வலிக்கே பழகுகிறவன் இதற்குப் பழகமாட்டானா? முதலில் செருப்புக் கடைக்காரரைத் திட்டினார்கள். பிறகு கோயிலில் எலுமிச்சம்பழம் நறுக்கி வைத்தார்கள், மாதா கோயிலில் மந்திரித்த தண்ணீர் வாங்கி வந்து வாசலில் தெளித்தார்கள். எதற்கும் அந்தக் கால்கள் மசியவில்லை என்று தெரிந்ததும், அவற்றோடு குடித்தனம் நடத்தக் கற்றுக்கொண்டார்கள். பெண் பார்க்கப் போகிறவர்கள் முற்றத்தை நனைத்துப் பெண்ணை நடக்கவிட்டுப் பார்த்தார்கள். புருஷனுக்குப் பெண் காலும் பெண்டாட்டிக்கு ஆண் காலும் விழுந்த வீடுகளில், 'இது எங்களுக்கு எப்பவோ தெரியுமே' என்று பக்கத்து வீட்டார் சிரித்தார்கள். களவு போன வீட்டு வாசலில் கிடக்கும் தடத்தை வைத்து இனி யாரைப் பிடிப்பது என்று போலீஸ் ஸ்டேஷனில் மட்டும் நொந்துகொண்டார்கள். இவை யாருடைய கால்கள் என்று கேட்க ஊருக்கு வெகுநாள் தோன்றவே இல்லை.

அதைக் கண்டுகொண்டவள் சடைச்சி. அணைக்குக் கீழே, பாறை உடைத்த ஜல்லி கொட்டிக்கிடக்கும் சரிவில் இருக்கிற காலனியிலிருந்து தினமும் விறகுக்கட்டைத் தலையில் தூக்கிக்கொண்டு வந்து, குணசீலன் பேக்கரியின் அடுப்புக்குப் போடுகிறவள். அன்று கட்டை இறக்கிவிட்டு, சும்மாட்டை உதறிக்கொண்டு நிமிர்ந்தவள், பேக்கரிக்குப் பின்முற்றத்து ஈரத்தில் வரிசையாகக் கிடந்த சின்னச் சின்னக் கால்களைப் பார்த்தாள். நாலு வயசுக் குழந்தையின் கால். இடது பாதத்தில் பெருவிரலின் மேல் அடுத்த விரல் ஏறிப் படுத்திருந்தது.

சடைச்சி அப்படியே குந்திவிட்டாள்.

"இது ஆரு நடந்தது?"

"நான்தான். ஊருக்கே இப்படித்தான விழுது, இன்னிக்கிப் புதுசா பாக்குற மாதிரி கேக்குற?" என்றார் குணசீலன். ஆள் நல்ல பருமன். நடந்தால் பேக்கரியின் மரப்பலகை முனகும். அவ்வளவு பெரிய உடம்புக்குக் கீழே இவ்வளவு சின்னக் கால் விழுவதைச் சொல்லிச் சொல்லி ஊரே சிரித்து ஓய்ந்திருந்தது.

"இன்னொருக்கா நடங்க அய்யா."

அவர் மாவுக்கையோடு இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு நடந்தார். அவருக்குப் பின்னால் பெருவிரலில் விரல் ஏறிய கால், ஒரு எட்டு, இன்னொரு எட்டு, வாசல்படி கண்டதும் குதித்த மாதிரி இரண்டு காலும் சேர்ந்து. சடைச்சி அந்தக் குழிக்குள் தன் விரலை வைத்துப் பார்த்தாள்.

"இது எம்புள்ளை காலு அய்யா. தும்பி. காச்சல்ல போயிட்டா. மேல ஈத்தக்குடியில வேங்கை மரத்தடியில வச்சிருக்கோம்."

குணசீலன் நல்ல மனிதர் என்பதை இங்கேயே சொல்லிவிட வேண்டும், பிற்பாடு சொல்ல வாய்க்காது. அவர் சிரிக்கவில்லை, போ போ என்று விரட்டவும் இல்லை. அன்றிலிருந்து தினமும் சடைச்சி வரும் நேரம் பார்த்துப் பின்முற்றத்தில் ஒரு குடம் தண்ணீர் ஊற்றி வைப்பார். அவள் விறகை இறக்கியதும், பிள்ளையில்லாத அந்த மனிதர், வேட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு முற்றத்தைச் சுற்றி நடப்பார். அவள் ஓரமாக உட்கார்ந்து, மகள் நடக்கிறதைப் பார்ப்பாள். ஒருநாள் ஒரு பன்னைக் கொடுத்தார். சடைச்சி பாதியைப் பிட்டு அந்தத் தடத்துப் பக்கத்தில் வைத்தாள். அவர் பார்த்தும் பார்க்காததுபோல உள்ளே போனார்.

விஷயம் காலனிக்குத் தெரிந்ததும், ஈத்தக்குடியிலிருந்து இறங்கி அங்கே இருக்கிற ஆட்கள் எல்லோரும் சந்தைத் திடலுக்கு வந்தார்கள். வந்து, தலை குனிந்து, தேடினார்கள். "இது எங்க மாமன்" என்றாள் ஒருத்தி ஏட்டையாவின் தடத்தைப் பார்த்து. வங்கி வாசலில் ஒருவன் தன் தாயைக் கண்டான், அவனை வயிற்றில் சுமந்துகொண்டு அவள் நடந்த நடையை. சடைச்சியின் புருஷன் மூக்கன், லாரி டிரைவருக்குப் பின்னால் வெகுதூரம் போய், "அட, இது நானு!" என்றான். கிழங்கு தோண்டுகிற பாரை விழுந்து அவனுக்குச் சுண்டுவிரல் போனது, அது பழைய கதை. செத்தவர், இருப்பவர் என்று பேதம் பார்க்காமல் மண் எல்லோரையும் எடுத்து வெளியே போட்டிருந்தது.

பனிக்கரட்டில் பனிக்கரட்டுக்காரன் என்று சொல்லிக்கொள்ள ஒருவரும் கிடையாது. அணை கட்ட வந்தவர்கள், தேயிலை பறிக்க வந்தவர்கள், அவர்களுக்குச் சோறு ஆக்கிப்போட வந்தவர்கள், முடி வெட்ட வந்தவர்கள், அப்படியே தங்கிப்போனவர்கள். அதற்கெல்லாம் முன்னால், எப்போதிலிருந்து என்று அவர்களுக்கே தெரியாத காலத்திலிருந்து, மலை முழுக்க இருந்தது ஈத்தக்குடி ஆட்கள்தான். அவர்களிடம் ஒரு வழக்கம் இருந்தது. கிழங்கு எடுத்த இடமோ, மீன் பிடித்த ஓடைக்கரையோ, ஒரு பொழுது படுத்து எழுந்த பாறையடியோ, எங்கிருந்து கிளம்பினாலும் கடைசியாகப் போகிற ஆள் ஒரு தழைக்கொப்பை ஒடித்து, முகத்தை அந்த இடத்துக்குக் காட்டிப் பின்னாலேயே நடந்துகொண்டு, எல்லோர் தடத்தையும் தன் தடத்தையும் கூட்டி அழிக்க வேண்டும். அழித்துக்கொண்டே, 'நாங்க வரல, நாங்க தொடல, உன்னுது உங்கிட்டயே இருக்கு' என்று சொல்ல வேண்டும். நாம் 'போயிட்டு வர்றேன்' என்று சொல்லிக்கொள்கிறோமே, அந்த மாதிரி ஒரு மரியாதை. தும்பி இருந்தவரை சடைச்சியால் அதை ஒழுங்காக முடிக்க முடிந்ததில்லை. கூட்டி முடித்த இடத்துக்குள் அவள் சிரித்துக்கொண்டே ஓடி மறுபடி மிதிப்பாள்; இவள் மறுபடி கூட்டுவாள்.

பிள்ளை போன சில வருஷத்துக்கு அப்புறம், யானை இறங்குகிறது, அணைத்தண்ணி ஏறுகிறது, ஒரு மழைக்காலம் மட்டும் கீழே வந்து இருங்கள் என்று காக்கிச்சட்டைக்காரர்கள் வந்து சொன்னபோது, ஈத்தக்குடி ஆட்கள் நம்பினார்கள். நம்பியதோடு விட்டிருந்தால் பரவாயில்லை. குடிசையைப் பிரித்து மூங்கிலைப் புதரிடமே சேர்த்தார்கள், அடுப்புக்கல்லை ஓடையில் கொண்டுபோய்ப் போட்டார்கள், கூட்டுகிற வேலையைச் சடைச்சியிடம் விட்டார்கள். வேங்கை மரத்தடியில் அவளுக்கு நேரமாகும் என்று எல்லோருக்கும் தெரியும். அவள் ஈத்தக்குடி மேடு முழுவதையும் கூட்டினாள், அந்த வார்த்தைகளைச் சொன்னாள், பின்னாலேயே நடந்து இறங்கினாள். அடுத்து அளக்க வந்தவர்கள் பார்த்தார்கள், ஒரு கரித்துண்டுகூட இல்லை. ஆள் இல்லாத நிலம் என்று சங்கிலியைச் சுருட்டிக்கொண்டு போனார்கள். மேட்டுக்குப் போகிற பாதையில் இரும்புக் கதவு விழுந்தது. அதற்கப்புறம் சடைச்சி தன் பிள்ளையைப் பார்க்கப் போக ஒருநாளும் அந்தக் கதவு திறக்கவில்லை.

இப்போது கால்கள் யாருடையவை என்று தெரிந்ததும், ஊர் பதறிப்போகும், வெட்கப்படும் என்று நீங்கள் நினைத்தால் உங்களுக்கு ஊரைத் தெரியாது. ஊர் சந்தோஷப்பட்டது. பேரூராட்சித் தலைவர் இராசரத்தினம் மைக்கைப் பிடித்து, "இது தோஷம் இல்ல, நமக்குக் கிடைச்ச பாக்கியம்! இந்த மண்ணின் மூத்த குடிகள் நம்ம பாதத்துல வந்து எறங்கியிருக்காங்க!" என்றார். அன்றிலிருந்து பனிக்கரட்டில் எந்தக் கூட்டமானாலும் எல்லோரும் எழுந்து நின்று, 'இம்மண்ணின் மூத்த குடிகளை வணங்கித் தொடங்குகிறோம்' என்று சொல்லிவிட்டுத்தான் உட்கார்ந்தார்கள். கிரிக்கெட் போட்டிக்குச் சொன்னார்கள், காது குத்துக்குச் சொன்னார்கள், வட்டிக்கடைத் திறப்புக்குச் சொன்னார்கள், காலனிக்குப் போகிற தண்ணீர்க் குழாயை அடைத்துச் சுற்றுலா விடுதிக்குத் திருப்பிய கூட்டத்திலும் எழுந்து நின்று, கண் மூடி, குரல் தழுதழுக்கச் சொன்னார்கள். கல்யாணப் பத்திரிகையில் குலதெய்வத்துக்குப் பக்கத்தில் இரண்டு பாதம் அச்சாயிற்று. காலனி ஆட்களைக் கூப்பிட்டு முன்வரிசையில் உட்காரவைத்துப் பொன்னாடை போர்த்தினார்கள்.

"கும்புட்டு முடிச்சப்புறம் என்ன செய்வாக?" என்று மூக்கன் ஒருதரம் கேட்டான்.

"டீ குடுப்பாக" என்றாள் சடைச்சி.

ஆனால் வணங்கிக்கொண்டே இருப்பதும் அலுக்குமல்லவா? கொஞ்சநாள் போனதும் ஊருக்கு வேறொரு ஞானம் பிறந்தது. எங்கள் காலில் விழுவது அவர்கள் தடம் என்றால், எங்களுக்கும் அவர்களுக்கும் என்ன வித்தியாசம்? மூன்றாம் தலைமுறையாக இங்கேயே இருக்கிறோம், மண்ணே எங்களை அவர்களாக ஏற்றுக்கொண்டுவிட்டது, இனி நாங்கள்தானே மூத்த குடி? இதை முதலில் யார் சொன்னார்கள் என்று தெரியாது. கடைசியில் எல்லோரும் சொன்னார்கள். ஒண்ட வந்த பிடாரி ஊர்ப்பிடாரியை ஓட்டியதாம் என்று காலனியில் ஒரு கிழவர் முணுமுணுத்தார். அதைக் கேட்க அங்கே ஊர்க்காரர் யாரும் இல்லை.

குணசீலனும் மாறித்தான் போனார், பாவம். குழந்தைப் பாதம் விழுகிற ஒரே ஆள் அவர். பிள்ளை வரம் வேண்டி அவரைத் தங்கள் வீட்டு முற்றத்தில் நடக்கச் சொல்லி அழைக்க ஆரம்பித்தார்கள். ஊரே கேலி செய்த உடம்பை ஊரே கைபிடித்து அழைத்துப்போவது யாருக்குத்தான் பிடிக்காது? அவர் சின்ன எட்டாக வைத்து நடக்கப் பழகினார், வாசல்படியில் லேசாகக் குதிக்கக்கூடப் பழகினார். சடைச்சிக்குத் தண்ணீர் ஊற்றி வைப்பதை மட்டும் விடவில்லை. சில நாள் இருவரும் சேர்ந்து அந்தத் தடங்களைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். அப்போது அந்த முற்றத்தில் பிள்ளையைப் பெற்றவர்கள் இரண்டு பேர் இருப்பதுபோல இருக்கும், அதுவும் சடைச்சிக்குத் தெரிந்தே இருந்தது.

அந்த நேரத்தில்தான் மணிமண்டப அறிவிப்பு வந்தது. மூத்த குடிகளுக்கு நன்றிக்கடனாகக் கருங்கல் மண்டபம், நடுவில் ஒரு ஜோடிக் கல் பாதம், சுற்றிலும் பூங்கா. இடம், ஈத்தக்குடி மேடு. வேங்கை மரத்தை எடுத்துவிட்டால் அணை முழுதும் தெரியும்.

கடைத்தேங்காயை எடுத்து வழிப்பிள்ளையாருக்கு உடைப்பது கேள்விப்பட்டிருக்கிறோம். இங்கே பிள்ளையாரின் தேங்காயை எடுத்து, பிள்ளையாரின் தலையிலேயே உடைத்து, பிள்ளையாரையே கைதட்டச் சொன்னார்கள்.

சடைச்சி பேக்கரிக்கு ஓடிவந்தாள். அன்று தலையில் விறகு இல்லை.

"அய்யா, மண்டபம் எங்கவேணாலும் கட்டிக்கிடட்டும். அந்த மரத்தடி மட்டும் வேணாம். எம்புள்ளை மேல கல்ல எறக்காதீகன்னு சொல்லுங்க. நாஞ்சொன்னா டீ குடுத்து அனுப்பிருவாக. நீங்க சொன்னா கேப்பாக."

"சொல்றேம்மா. நான் சொல்லாம யாரு சொல்லுவா?" என்றார் குணசீலன். அவர் கண் கலங்கியிருந்தது. "எனக்கும் அது புள்ளைதான்."

காலனி கொடுத்த மனுவின்பேரில் வருவாய் அதிகாரி ஒருவர் விசாரணைக்கு வந்தார். மரியாதையான மனிதர், காலனி ஆட்களையும் நாற்காலியில் உட்காரச் சொன்னவர். மேட்டில் எந்த அடையாளமும் இல்லை, நீங்கள் இருந்ததற்கு என்ன சாட்சி என்று கேட்டார். 'ஊரே சாட்சி, ஊர் நடக்கிற தடமெல்லாம் சாட்சி' என்றான் மூக்கன். அதிகாரிக்கு அது நியாயமாகப் பட்டது. "சரி, அப்ப நீங்களும் நடங்க. ரெண்டு தடத்தையும் ஒப்பிட்டுப் பாத்துருவோம்" என்றார். பள்ளிக்கூட மைதானத்தில் களிமண் கொட்டி, தண்ணீர் விட்டு, பலகையால் இழுத்து வழவழவென்று நிரவினார்கள். ஊர் முழுக்க வந்து சுற்றி நின்றது. இதைவிடச் சுலபமான பரீட்சை உண்டா என்று காலனி ஆட்கள் சிரித்துக்கொண்டே எழுந்தார்கள்.

சடைச்சிதான் முதலில் இறங்கினாள். சேலையை ஒதுக்கிப் பிடித்துக்கொண்டு, இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் நடந்து, ஏறி நின்று, திரும்பிப் பார்த்தாள். களிமண் நிரவி வைத்தபடியே கிடந்தது.

அவள் மறுபடி இறங்கினாள். ஓங்கி மிதித்தாள். கால் கணுக்கால் வரை புதைந்தது, சேறு குளிர்ந்தது, விரலிடுக்கில் பிதுங்கியது. காலை எடுத்ததும் தண்ணீர் மூடுவதுபோல மண் மூடிக்கொண்டது. மூக்கன் இறங்கினான், ஒன்றுமில்லை. காலனி மொத்தமும் இறங்கிக் குறுக்கும் நெடுக்கும் நடந்தது, ஒரு விரல் பதியவில்லை. காலனியில் கிடப்பது ஜல்லி, அதில் யாருக்கும் தடம் விழாது. இத்தனை நாள் ஊர்க்காரர் காலையே பார்த்துக்கொண்டிருந்த சடைச்சி தன் காலைத் திரும்பிப் பார்த்ததே இல்லை.

"நாமதான சொன்னோம்" என்றான் மூக்கன் மெதுவாக. "வரல, தொடலன்னு. மண்ணு நம்பிருச்சு."

கூட்டத்தில் யாரோ சிரித்தார்கள், யாரோ 'ச்சு' கொட்டினார்கள். அதிகாரி மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். தலைவர் இராசரத்தினம் குணசீலனின் தோளைத் தொட்டு முன்னால் அனுப்பினார். குணசீலன் செருப்போடு களிமண்ணில் இறங்கி நடந்தார். பின்னால் தும்பி நடந்தாள், அவ்வளவு துல்லியமாக, பெருவிரலில் விரல் ஏறி, ஓரத்துக்கு வந்ததும் ஒரு குதி குதித்து. கூட்டம் கன்னத்தில் போட்டுக்கொண்டது.

"இது யாரு காலுங்க?" என்று அதிகாரி கேட்டார்.

குணசீலன் தடத்தைப் பார்த்தார். சடைச்சியைப் பார்த்தார். அவள் அவரையே பார்த்துக்கொண்டு நின்றாள். ஒரு வார்த்தை, 'அவ மக காலு' என்று ஒரு வார்த்தை, அது அவர் தொண்டை வரை வந்ததை அவள் பார்த்தாள். பிறகு அவர் ஊரைப் பார்த்தார். தன்னைக் கைபிடித்து வீட்டுக்கு அழைத்துப்போன அத்தனை பேரும் அங்கே நின்றார்கள். அந்தக் கால் தன்னுடையது இல்லை என்று சொல்லிவிட்டால் அப்புறம் தனக்கு என்ன மிச்சம் என்று யோசித்தாரோ என்னவோ.

"என் காலுங்க அய்யா" என்றார்.

சடைச்சிக்கு அழுகை வரவில்லை. அடிவயிற்றில் கை வைத்துக்கொண்டாள், அவ்வளவுதான். குதிரை கீழே தள்ளியது போதாதென்று குழியும் பறித்ததாம் என்பார்கள். அவளுக்குக் குழிகூட மிஞ்சவில்லை.

மண்டபம் எழும்பியது. வேங்கையை வெட்டியபோது சிவப்புச் சாறு நிற்காமல் வடிந்ததாகவும், அதைப் பார்த்து வேலையாட்கள் மூத்த குடிகளை வணங்கிவிட்டு மறுபடி வெட்டியதாகவும் சொன்னார்கள். அஸ்திவாரம் தோண்டியபோது என்ன கிடைத்தது என்று யாரும் சொல்லவில்லை. சடைச்சி இரும்புக் கதவருகே போய் நின்று கேட்டாள். ஒன்றும் இல்லையே என்று சொன்னவன் அவள் முகத்தைப் பார்க்காமல் சொன்னான்.

திறப்பு விழாவுக்கு இரும்புக் கதவு அகலத் திறந்தது. காலனி ஆட்களை வேனில் அழைத்துப் போனார்கள். இத்தனை வருஷம் கழித்து ஈத்தக்குடி மேட்டில் கால் வைத்த சடைச்சிக்கு எது எங்கே இருந்தது என்று தெரியவில்லை. தரையெல்லாம் சிமெண்டுக் கல் பாவியிருந்தது. மகளைத் தேடி அவள் கண் அலைந்தது, கல் பாதத்துக்கு நேராக வந்து நின்றது. எல்லோரும் எழுந்தார்கள். 'இம்மண்ணின் மூத்த குடிகளை வணங்கித் தொடங்குகிறோம்' என்றார்கள். சடைச்சியும் எழுந்து நின்றாள், எழச் சொன்னார்கள். தோளில் பொன்னாடை விழுந்தது. தலைவர் பேசும்போது, மூத்த குடிகள் எங்கும் போகவில்லை, இதோ நம் வடிவில் இங்கேயே வாழ்கிறார்கள் என்றார். அப்போது கைதட்டல் நெடுநேரம் ஓயவில்லை.

விழா முடிந்து எல்லோரும் புதிய தார் ரோட்டில் இறங்கினார்கள். குணசீலன் மட்டும் ரோட்டை விட்டு, பக்கத்து ஈர மண்ணில் தனியாக இறங்கிப் போனார். விசாரணை நாளுக்குப் பிறகு சடைச்சி பேக்கரிக்கு விறகு கொண்டுபோகவில்லை. அவரும் அவளைக் கூப்பிடத் துணியவில்லை. ஆனால் தாரில் நடக்க அவருக்கு மனம் வரவில்லை, அந்தச் சின்னக் கால் பின்னால் வருவதைத் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே நடந்தார்.

சடைச்சி பார்த்துக்கொண்டு நின்றாள். பொன்னாடையை மடித்து ஒரு கல்மேல் வைத்தாள். ஓரத்தில் வெட்டாமல் விட்டிருந்த ஒரு செடியிலிருந்து தழைக்கொப்பை ஒடித்தாள். பின்பக்கமாகத் திரும்பி, முகத்தை மேட்டுக்குக் காட்டி, தும்பியின் முதல் தடத்திலிருந்து கூட்டத் தொடங்கினாள்.

இதை அழித்துவிட்டால் இனிப் பார்க்க முடியாது என்பது அவளுக்குத் தெரியாமல் இல்லை. ஒவ்வொரு தடத்திலும் நின்றாள், ஒவ்வொன்றையும் விரலால் ஒருதரம் தொட்டாள், அப்புறம் கூட்டினாள். ஊரார் காலில் மற்றவர்கள் இருந்துவிட்டுப் போகட்டும், அவர்களை அழிக்க அவளுக்குப் பாத்தியதை இல்லை. இது அவள் பெற்ற பிள்ளை. 'நாங்க வரல' என்று சொல்ல வாய் வரவில்லை. அந்தப் பழைய வார்த்தைகளில் ஒன்றைக்கூட அவள் சொல்லவில்லை.

"இவள இனி ஆருக்கும் காட்டாத" என்று மண்ணிடம் சொன்னாள். "எங்கிட்ட குடுக்காட்டி போ. ஆருக்கும் காட்டாத."

மேட்டிலிருந்து பேக்கரி முற்றம் வரை கூட்டினாள். கூட்டி முடித்த இடத்தில் கொஞ்சநேரம் கொப்போடு காத்திருந்தாள். யாரும் சிரித்துக்கொண்டே ஓடிவந்து மறுபடி மிதிக்கவில்லை.

மறுநாள் பனிக்கரட்டில் எதுவும் மாறியதாகத் தெரியவில்லை. விழாவுக்கு முன்பே தெருவெல்லாம் கான்கிரீட் போட்டாயிற்று, தடம் பார்க்க யாரும் குனிவதில்லை, வேண்டுமென்றால் மண்டபத்துக் கல் பாதம் இருக்கிறது. குணசீலன் மட்டும் காலையில் வழக்கம்போல முற்றத்தில் தண்ணீர் ஊற்றி நடந்தார். திரும்பிப் பார்த்தார். பிறகு அடுப்பில் ரொட்டி கருகுவதைக்கூடக் கவனிக்காமல், அணைக்கரை வழியாக மூச்சிரைக்க ஓடி, காலனி எல்லையில் ஜல்லி முடிந்து சேறு தொடங்குகிற இடத்தில் சுள்ளி பொறுக்கிக்கொண்டிருந்த சடைச்சியிடம் வந்து நின்றார்.

"பாப்பா போயிருச்சும்மா" என்றார். அந்தப் பெரிய உடம்பு குலுங்கியது. "நடந்து நடந்து பாக்குறேன், வரமாட்டேங்குது. என்னமோ ஒரு பெரிய செருப்புக் காலு விழுது. யாருதுன்னே தெரியல."

சடைச்சி அவருக்குப் பின்னால் பார்த்தாள். அகலமான ரப்பர் செருப்பு, குதிகால் பக்கம் தேய்ந்தது, ஆழமாக அழுந்தி வரிசையாக வந்திருந்தது.

"அது உங்க காலு அய்யா" என்றாள். குரலில் கோபம் இல்லை, அதுதான் அவரால் தாங்க முடியாததாக இருந்தது. "இன்னிக்கித்தான் நீங்க இங்க வந்திருக்கீக."

அவர் அழுதுகொண்டே நின்றார். பிறகு, எங்கே போவது என்று தெரியாதவர்போல, சுள்ளிக்கட்டைத் தூக்கிக்கொண்டு நடந்த அவளோடு கொஞ்சதூரம் கூடவே நடந்தார். மதகு திரும்புகிற இடத்தில் குணசீலன் நின்று பின்னால் திரும்பிப் பார்த்தார். சேற்றில் ஒரே ஒரு ஆள் நடந்து வந்த தடம்தான் இருந்தது.